என் தபால்பெட்டியும் லவோனின் வண்டியும்

1

இந்தக் கதை கிடைத்தது என் தபால்பெட்டி சாய்ந்த அன்று. போன இலையுதிர் காலத்தில், பக்கத்து வீட்டு டாரினின் அப்பா ஆர்லன் டாலஃப்சன் தன் மோட்டார்ஹோமை அவன் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது, அந்த வாசலை ஒட்டித் தெருவோரம் கம்பத்தில் நட்டிருந்த என் பெட்டியைச் சாய்த்துவிட்டார். அடுப்பும் கட்டிலும் குளியலறையும் வைத்த, பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி. மறுநாளே புதுப் பெட்டி வாங்கி நட்டும் கொடுத்தார். நான் பெட்டி சாய்ந்த இரவே, எரிச்சலோடு எழுத உட்கார்ந்திருந்தேன்:

வீட்டை முதுகில் சுமந்து திரியும் நத்

(அடித்துவிட்டேன். அந்த நத்தையை எழுதாதவர் யார்? புதுப் பெட்டி வந்ததும் எரிச்சலும் போய்விட்டது.)

2

இந்த வருஷம் கதை வேறு. ஆர்லனுக்குக் கண் மங்கிவிட்டது. நேராகப் பார்ப்பதெல்லாம் புகை மாதிரி தெரிகிறதாம். லைசென்ஸைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வருஷா வருஷம் மினசோட்டா பனிக்குத் தப்பி டெக்சாஸுக்கு இறங்குவதும், வழியில் ஒவ்வொரு சொந்தக்காரர் வாசலிலும் வண்டியை நிறுத்தித் தங்குவதும் இனி வேண்டாம் என்று டாரின் முடிவு கட்டினான். வண்டியை வாங்க ஆளும் பார்த்துவிட்டான்.

அவன் அம்மா லவோன் போனில் சொன்னது ஒரே வரி: "நான் ஓட்டிட்டு வர்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து ஓட்டுவது ஆர்லன், பின்னால் நின்று கை காட்டுவது லவோன். இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு சட்டம் உண்டு: கை காட்டுபவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அப்படியே நிறுத்து. அந்தச் சட்டத்தில் லவோன் கரைகண்டவர். அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைத்தான் தொட்டதில்லை.

டாரின் பந்தயம் கட்டினான். "சரி, என் வாசல்ல ரிவர்ஸ் எடுத்து நிறுத்திக் காட்டும்மா. பெட்டி சாஞ்சா சாவி என்கிட்ட. சாயலன்னா நான் வாயே திறக்கமாட்டேன்."

(டாரினை வில்லனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பெற்றவர்களுக்காக அறையை ஒழித்து, புது விரிப்பு போட்டு வைத்திருக்கிறவன். அவனுக்கு இருந்தது பயம்.)

3

அயோவாவையும் மிசூரியையும் நான் பார்க்கவில்லை. லவோன் சொன்னது பாதி, என் சரக்கு பாதி.

அயோவாவில் ஆர்லனின் தங்கை வீடு. சோளக்காட்டு முற்றம், வண்டியை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், யாரும் பரீட்சை வைக்கவில்லை. மிசூரியில் மகள் ஜோலின் வீடு. அம்மாவே ஓட்டி வந்ததைத் தெருவுக்கெல்லாம் சொல்லி, காப்பி கொடுத்து வேடிக்கை காட்டினாள். கிளம்பும்போது, வீட்டிலிருந்து வண்டிக்கு மாட்டியிருந்த தண்ணீர்க் குழாயைக் கழற்ற மறந்து, அதையும் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார் லவோன். டாரினிடம் மூச்சு விடக் கூடாது என்று மூவரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

(டாரினுக்குத் தமிழ் வராது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.)

4

விச்சிட்டா. எங்கள் தெரு. சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் புல்தரையில்.

ஆர்லன் பிடிவாதமாக இறங்கிப் பின்னால் போய் நின்றார். இத்தனை வருஷம் நீ காட்டினாய், இனி என் முறை என்றார். கையை வலப்பக்கம் வீசினார். வண்டி என் பெட்டியைப் பார்த்து வந்தது. இன்னும் வீசினார். பெட்டிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

(ஒரு வரைவில் இந்த இடத்தில் டாரின் ஓடிவந்து வழி காட்டுகிறான், எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கிழித்துவிட்டேன். லவோன் படித்தால் என்னை மதிக்கமாட்டார்.)

லவோன் வண்டியை முன்னுக்கு எடுத்து நிறுத்தி இறங்கினார். புருஷனின் முழங்கையைப் பிடித்து நடத்திவந்து, அவர் கையை என் பெட்டியின் மேல் வைத்தார்.

"இதப் பிடிச்சுக்கிட்டு நில்லு. கையெல்லாம் காட்ட வேண்டாம்."

"நீ வர்றது எனக்குத் தெரியாதே, லவோன்."

"எனக்கு நீ தெரிவே. கண்ணாடில நீ தெரியிற வரைக்கும் நான் எதையும் இடிக்கமாட்டேன்."

திரும்பிப் போய் வண்டியில் ஏறிவிட்டார்.

பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி தன்னை நோக்கிப் பின்னால் வர, கண் தெரியாத மனிதர் அசையாமல் நின்றார். மோவாய் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. டாரின் "அம்மா" என்று வாயெடுத்து, பந்தயம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். கண்ணாடி ஆர்லனின் சட்டைக்குப் பக்கத்தில், காற்று மட்டும் படும்படி நகர்ந்து போனது. வண்டி நேராக உள்ளே போய் நின்றது, இன்ஜின் அணைந்தது.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் அம்மா இல்லை, என் வண்டியும் இல்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது.

"டாரின், பெட்டி நிக்குது. என் கையிலதான் இருக்கு," என்றார் ஆர்லன். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, யார் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமலே, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஓட்டினது என் பொண்டாட்டி."

5

முடிவை நான் எழுதப்போவதில்லை. டாரின் கையை நீட்டியபடி லவோன் இறங்கும் கதவுப் பக்கம் போனான். சாவி கேட்கவா, கைபிடித்து இறக்கிவிடவா என்பதை வண்டி மறைத்துவிட்டது. எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் என் கண் இந்தப் பக்கமே இருந்தது.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். டெக்சாஸுக்கு அனுப்புங்கள், புது விரிப்பில் படுக்க வையுங்கள், உங்கள் இஷ்டம். என் தபால்பெட்டியை மட்டும் சாய்த்துவிடாதீர்கள். ஆர்லன் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.