இடது காலில் எட்டு இலக்கம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் டிசைன் செக்‌ஷன் நவநீதனுக்குத் தன் பைக் நம்பரே ஞாபகம் இருக்காது. அவனிடம் போய், டிசைன்களைப் போட்டு வைக்கும் பென் டிரைவைக் கொடுத்தார் மேனேஜர் கலீமுல்லா. போன வருஷம் டிசைன்கள் வெளியே கசிந்து பட்ட பாட்டுக்குப் பிறகு வாங்கியது. முதுகில் குட்டிக் குட்டிப் பொத்தான்கள். எட்டு இலக்க எண்ணை அழுத்தினால்தான் திறக்கும். பத்து தடவை தப்பாக அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் தானாகவே அழிந்துவிடும்.

"நம்பர எந்தப் பேப்பர்லயும் எழுதி வைக்காத. டிசைன் போச்சுன்னா உன் வேலையும் போச்சு" என்றார்.

நவநீதன் பேப்பரில் எழுதவில்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் ஐந்து வருஷம் இருந்தவன், காகிதத்தையும் மையையும் நம்புகிற ஆளா? தோலில் புள்ளி புள்ளியாகக் குத்திய லாட் நம்பர், டிரம்மில் எத்தனை நாள் ஊறிச் சுழன்றாலும் அழியாது. ஆகவே மிச்சத் தோல் ஒன்றில் எட்டு இலக்கத்தையும் ஆணி வைத்துச் சுத்தியலால் புள்ளி புள்ளியாக அடித்து, மேஜை டிராயரில் போட்டு வைத்தான். மகா புத்திசாலி!

ஆர்டர் கொடுக்கும் ஜெர்மனி பையர் டிசைன் பார்க்க வந்த அன்று டிராயரைத் திறந்தால் தோலைக் காணோம். தோன்றிய நம்பரையெல்லாம் ஒன்பது தடவை அழுத்திப் பார்த்தான். ஒன்பதுக்கும் சிவப்பு விளக்கு.

பென் டிரைவும் கையுமாகக் கட்டிங் செக்‌ஷன் மேகலாவிடம் ஓடி, டிராயரில் இருந்த தோலைப் பார்த்தாயா என்று கேட்டான்.

"அதுவாண்ணா? சாம்பிளுக்குத் தோல் கம்மியா இருந்துச்சு, நான்தான் எடுத்தேன். ஷூவுக்குள்ள பாதம் படுற எடத்துல போட்டுட்டேன். இடது காலு."

"அந்த ஷூ இப்ப எங்க?"

"பையர் போட்டுப் பாத்துட்டு இருக்காரு."

வேர்த்து விறுவிறுத்து மீட்டிங் ரூமுக்குள் பாய்ந்தவன், பையர் காலில் விழுந்து இடது ஷூவைப் பிடித்து இழுத்தான். கலீமுல்லாவுக்கு உயிரே போய்விட்டது. பையரோ இது இந்த ஊர் மரியாதை என்று நினைத்து மற்ற காலையும் நீட்டினார். நவநீதன் ஷூவுக்குள் பார்த்துப் பார்த்துப் பத்தாம் தடவை அழுத்தினான். பச்சை விளக்கு. அப்பாடா, வேலை தப்பித்தது!

பையர் அத்தோடு விட்டாரா? ஷூவுக்குள் எட்டிப் பார்த்து, இந்தப் புள்ளிகள் எதற்கு என்று கேட்டார்.

பின்னாலேயே ஓடி வந்த மேகலா, "காத்து போறதுக்கு ஓட்ட சார்" என்றாள். வேறு வழியில்லாமல் கலீமுல்லா அதையே இங்கிலீஷில் சொன்னார். பையருக்கு ஒரே சந்தோஷம். இருபதாயிரம் ஜோடியிலும் ஒரு புள்ளி மாறாமல் இதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் கலீமுல்லா தலையில் கை வைத்துக்கொண்டார். "நவநீதா, மொதல்ல அந்த நம்பர மாத்துடா!"

"இப்பவே மாத்திட்றேன் பாய்" என்ற நவநீதன் திரும்பினான். "மேகலா, துண்டுத் தோல் எதுனா இருக்குதா?"