முன்வரிசை ஜோடி

ஹெங்யாங் நகரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில், கேன்டீனில் ஒரு பையனும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டாலே வகுப்புக்கு மதிப்பெண் குறைத்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட பள்ளிக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து இறங்கியது: காலை இடைவேளையில் இனி உடற்பயிற்சி கிடையாது, மாணவர்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நடனம் ஆட வேண்டும். ஆசிரியர்கள் முகத்தில் ஈயாடவில்லை. உத்தரவை மீறவும் முடியாது, கைகளைக் கோக்கவிடவும் மனமில்லை. கடைசியில், பையன் ஒரு முனை பெண் ஒரு முனை என்று அடிஸ்கேலைப் பிடித்துக்கொண்டு ஆடச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் வால்ட்ஸ் ஓட, மைதானம் முழுக்க ஸ்கேல்கள் ஆடின.

குவாங் ஜென்னுக்கு ஸ்கேல் கிடையாது. அவள் படித்தது கலைப்பிரிவு. அங்கே பெண்கள் கூட்டம், பையன்களுக்குப் பஞ்சம். மிஞ்சிய பெண்கள் பெண்களோடே ஆட வேண்டியதாயிற்று. வகுப்பாசிரியை பெங் டீச்சர் ஜென்னின் உயரத்தையும் கிராப்புத் தலையையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஜென், நீ பையன் இடத்துல நில்லு. லுவோ பிங், நீ அவகூட. கையைப் பிடிங்கம்மா, பொண்ணுங்கதானே, உங்களுக்கென்ன பயம்!"

பிங் கையை நீட்டினாள். சின்னக் கை, வியர்த்திருந்தது. ஜென்னுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருடமாக எந்தப் பெண்ணின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டாளோ, அந்தப் பெண்ணின் கையைப் பிடி என்று மேலிடமே உத்தரவு போடுகிறது! அரசாங்கத்தின் மேல் அவளுக்கு அதுவரை இல்லாத பக்தி வந்தது. அன்று கேன்டீனில் மிளகாய் வறுவலை வெறும் வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டாள், காரமே தெரியவில்லை.

ஆடும்போது மட்டும் நிமிர மாட்டாள். பிங்கின் காலை மிதித்துவிடுவோமோ என்ற பயம் பாதி. நிமிர்ந்தால் தன் முகம் எல்லாவற்றையும் கொட்டிவிடுமே என்ற பயம் மீதி. அதனால் பிங்கின் வெள்ளைக் காலணிகளை அவள் அளவுக்கு அறிந்தவர் உலகத்தில் இல்லை. பிங்கின் மனதைத்தான் அறியவில்லை. டீச்சர் சொன்னதற்காகப் பிடித்திருக்கிறாளா, பிடித்துப்போய்ப் பிடித்திருக்கிறாளா? கேட்டுவிடலாம்தான். கேட்டு, அந்தக் கை சட்டென்று விலகிவிட்டால்?

விலகுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். விடுதி அறைக்குள் அவள் நுழைந்தால் போதும், யாராவது குரல் கொடுப்பார்கள்.

"மாப்பிள்ளை வர்றாருடி! துணி மாத்துறவங்க சுவரைப் பாத்துத் திரும்பிக்கோங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். "கோச்சுக்காதடி, சும்மா விளையாட்டுக்கு" என்பார்கள். ஜென்னும் சிரிப்பாள். ஆனால் நிஜமாகவே இரண்டு பேர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வலிக்கத்தான் செய்தது.

பெங் டீச்சர் விளையாடவில்லை. ஒருநாள் ஜென்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரம் ஆய்வாளர் வர்றார். முன்வரிசைக்குப் பையன் பத்தல. நீயும் பிங்கும் நில்லுங்க. இந்த முடியோட தூரத்துலேருந்து பாத்தா நீயும் பையன் மாதிரிதான் இருக்கே."

முடியை வளர்க்கச் சொல்லி மாதக்கணக்காக உயிரை எடுத்தவர் அவர்தான்.

"அவர் போனதும் பிங்கை நம்ம வகுப்பு ஷென் லேகூட ஆட விடப்போறேன்."

"ஏன் டீச்சர்? நாங்க நல்லாத்தானே ஆடுறோம்?"

"நல்லாத்தான் ஆடுறீங்க..." டீச்சர் மென்று விழுங்கினார். "இந்த வயசுல சிலபேருக்கு ஒரு இது வரும். காலேஜ் போனா சரியாயிடும். உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

அந்த 'இது' என்னவென்று அவர் சொல்லவில்லை. ஜென்னும் கேட்கவில்லை. அழுகை வந்தது, கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டாள்.

ஆய்வாளர் நியே வந்தார். தொப்பையும் தடித்த கண்ணாடியுமாக இருந்தார். மாணவர் காதலைக் கண்டுபிடிப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இசை தொடங்கியது. கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டே ஜென் வெள்ளைக் காலணிகளைப் பார்த்து ஆடினாள். திடீரென்று இசை நின்றது.

"முன்வரிசையில அந்தப் பையனும் அந்தப் பொண்ணும். இங்க வாங்க."

யாரைச் சொல்கிறார் என்று ஜென் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவர் விரல் அவளைத்தான் காட்டியது. பெங் டீச்சர் ஓடிவந்தார்.

"உங்க வகுப்பா? ரெண்டும் காதலிக்குதுங்க. பெத்தவங்களைக் கூப்பிட்டுவிடுங்க."

"சார், அது வந்து..."

"வந்துமில்ல போயுமில்ல! பையனை விடுங்க, அவன் தரையைத்தான் பாக்கிறான். இந்தப் பொண்ணு இருக்காளே, ஒரு தடவைகூடக் கீழே பாக்கல. அவன் முகத்தையே பாத்து ஆடுறா. என் சர்வீஸ்ல இதை எத்தனை பாத்திருக்கேன்! இந்தப் பார்வைக்கு வேற பேரே கிடையாது."

ஜென்னின் காது அடைத்தது. அவரைக் கட்டிப்பிடித்து இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கால் தரையில் பாவவில்லை.

"சார், அது பையன் இல்ல. பொண்ணு" என்றார் பெங் டீச்சர்.

ஆய்வாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே நீலச் சீருடை, ஒரே தொளதொள கால்சட்டை.

"பொண்ணா?" அவர் தொப்பை குலுங்கியது. "அடடா, பொண்ணா! அப்ப ஒண்ணுமே இல்ல!"

மைதானமே சிரித்தது. இவ்வளவு நேரம் காதலாக இருந்தது ஒரே நொடியில் ஒன்றுமே இல்லாததாகிவிட்டது. ஜென்னுக்குச் சுருக்கென்றது. ஆய்வாளருக்கோ உற்சாகம் தாங்கவில்லை.

"இதுதாம்மா நல்ல ஏற்பாடு! ஸ்கேலைத் தூக்கிப் போடுங்க. பொண்ணுங்க பொண்ணுங்களோட, பசங்க பசங்களோட. எந்த வம்பும் வராது. இந்த ஜோடியை மட்டும் மாத்திடாதீங்க. முன்வரிசையிலயே நிக்கட்டும், மத்தவங்க பாத்துக் கத்துக்கட்டும்."

பெங் டீச்சர் வாயைத் திறந்தார். ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்வதானால், அந்த 'இது' என்னவென்று ஆய்வாளர் முன்னால் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

"சரி சார்."

மறுபடி இசை தொடங்கியது. ஜென் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். பிங் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே இல்லையாம்" என்றாள் ஜென். சிரிக்கத்தான் நினைத்தாள், சிரிப்பு வரவில்லை.

"முதல்ல ஒண்ணு சொன்னாருல்ல," என்றாள் பிங், "அதுதான் சரி."

ஜென்னுக்குக் கால் பிசகியது. அந்த வெள்ளைக் காலணியை நன்றாகவே மிதித்துவிட்டாள். பிங் "ஆ!" என்றாளே தவிர, அப்போதும் கீழே பார்க்கவில்லை.