இரண்டாவது ஆதாரம்

1

இந்தக் கதை இரண்டு சொற்களில் தொடங்கியது. ஷாமளா என்ற பதினாறு வயது மாணவியின் ஆய்வறிக்கையைத் திருத்தும்போது, ஒரு பத்திக்கு எதிரே சிவப்பு மையில் 'ஆதாரம் போதாது' என்று எழுதினேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருடமாக வேறு எதையும் ஒழுங்காக எழுத முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். பிராயச்சித்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கே ஆசையாக இருப்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'பாடாங் செராயிலிருந்து காலை ஆறரை பஸ்ஸில் ஏறிய ஷாமளாவின் பை நிறையக் கனவுகள்—'

அடித்துவிட்டேன். அவள் பஸ்ஸில் வரவில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்த கையோடு, தூக்கக் கண்களுடன், அம்மாதான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பையில் ஒரு நோட்டும் பொட்டலம் கட்டிய நாசி லெமாக் சோறும் இருந்தன. கனவைப் பற்றி நான் கேட்டதில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'என் தாத்தா வல்லிபுரம் நல்ல மனிதர், ஆனால்—'

'ஆனால்' என்ற சொல்லோடு பேனா நின்றுவிட்டது. அப்படியே விட்டிருக்கிறேன்.

மூன்றாவது வழி, நடந்ததைச் சொல்லிவிடுவது.

3

என் பெயர் மேனகா. சுங்கைப் பட்டாணியில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன், கதைகளும் எழுதுவேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம். ரப்பர் மரம் சீவியவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

இங்குள்ள ஒரு சிறிய அருங்காட்சியகம் (பெயர் வேண்டாம்) ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் இந்திய மாணவர்களுக்கு நான்கு வார ஆய்வுப் பயிற்சி நடத்தியது. நம் பிள்ளைகள் சுற்றுலாவில் வந்து கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் இடத்தில் அவர்கள் இருந்ததே இல்லை. பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தோம். ஆளுக்கு ஒரு பொருள். அது யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று தேடி எழுத வேண்டும். முதல் மூன்று பேருக்குக் கோலாலம்பூரில் அடுத்த கட்டப் பயிற்சி. கூடவே பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம். வழிகாட்டி நான். மதிப்பெண் போடுவதும் நான்.

ஷாமளா ஒரு பிரம்புக் கைத்தடியை எடுத்துக்கொண்டாள். அதன் விவர அட்டையில் தோட்டத்தின் பெயரும், 'தலைமைக் கிராணியின் கைத்தடி, 1950கள், குடும்பத்தார் அன்பளிப்பு' என்ற வரியும் இருந்தன. அந்தக் குடும்பத்தார் நாங்கள்தான். அப்பா இறந்த பிறகு அலமாரியைக் காலி செய்தபோது நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

(இதை முதல் நாளே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாததற்குக் கூச்சம் மட்டுமே காரணம். பிறகு வேறு காரணம் வந்து சேர்ந்தது.)

“டீச்சர், நடுவுல வெள்ளி வளையம் இருக்கு பாருங்க. கைப்பிடியில இருந்தா அழகுக்குன்னு சொல்லலாம். நடுவுல ஏன்?”

“தேடிப் பாரும்மா” என்றேன்.

4

தேடினாள். பாடாங் செராயில் அந்தத் தோட்டத்து ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கடை கடையாகக் கேட்டு, அய்யாவு என்ற எண்பது வயதுக்காரரைக் கண்டுபிடித்தாள். அவர் பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்து வந்து, அருங்காட்சியகத்தின் பின்னறையில் எனக்குப் போட்டுக் காட்டினாள்.

“எங்கம்மா காலைல பெரட்டுக்கு லேட்டா போச்சு பாப்பா. தம்பிக்குக் காய்ச்சல். ஆளுங்கல்லாம் பேரு குடுக்க வரிசையா நிக்கிறாங்க. பெரிய கிராணி ஏன் லேட்டுன்னுகூட கேக்கல. தடியாலயே போட்டாரு, முதுகுல. மூணாவது அடியில தடி ஒடைஞ்சிருச்சு. நான் அம்மா சீலையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா அதே தடி, வெள்ளிப் பூண் போட்டுக் கொண்டாறாரு.”

“கிராணி பேரு ஞாபகம் இருக்கா தாத்தா?”

“மறப்பேனா? வல்லிபுரம்.”

ஷாமளா பதிவை நிறுத்தினாள். “வளையம் ஏன்னு தெரிஞ்சிருச்சு டீச்சர்” என்றாள். ஒரு கேள்விக்குத் தானாகவே விடை கண்டுபிடித்தவளின் முகம். பதினெட்டு வருட வகுப்பறையில் அந்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

5

“ஒருத்தர் சொன்னதை மட்டும் வச்சு எழுத முடியாதும்மா. ரெண்டாவது ஆதாரம் வேணும்.”

“கேட்டுப் பாத்துட்டேன் டீச்சர். அந்த லயத்து வீடுங்கள்ல இருந்தவங்க வேற யாரும் இப்ப இல்ல. கிராணி குடும்பத்தக் கேக்கலாமா?”

“அவங்க விவரம் எல்லாம் மியூசியத்துல வெளிய கொடுக்க மாட்டாங்க.”

“நீங்க கேட்டா குடுப்பாங்க லா டீச்சர்.”

“பார்க்கிறேன்” என்றேன்.

6

[பார்க்க எதுவும் இருக்கவில்லை.]

என் அப்பா ஜெயசங்கர், விருந்தாளிகள் வந்தால் சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்று. “ஐயா அடிச்ச அடியில தடி முறிஞ்சு போச்சு. அந்தப் பொம்பிளையின்ட சின்னப் பொடியன் சீலையைப் பிடிச்சுக்கொண்டு கத்தினவன். ஐயா பினாங்குக்கு அனுப்பி வெள்ளிப் பூண் போடுவிச்சவர்!” மேசையைச் சுற்றி எல்லோரும் சிரிப்பார்கள். பதினோரு வயதில் நானும் சிரித்தேன். இருபத்தைந்து வயதிலும் சிரித்தேன்.

ஷாமளா கேட்ட ஆதாரம் அவள் எதிரே உட்கார்ந்து, அவள் கலக்கிக் கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை தம்பி யோகேந்திரனுக்குப்* போன் செய்தேன்.

“எழுபது வருசக் கதை அக்கா. பேரைப் போட்டா நாளைக்கே ஃபேஸ்புக்கில வரும். விட்டுடு லா.”

அவன் அப்படித்தான் சொல்வான் என்று தெரிந்துதான் அவனைக் கூப்பிட்டேன்.

*இது அவனுடைய உண்மைப் பெயரல்ல. முதல் வரைவில் தாத்தாவின் பெயரையும் மாற்றியிருந்தேன். பிறகு திருப்பி வைத்துவிட்டேன்.

7

இந்த இடத்துக்கு நான் எழுதி வைத்திருந்தது: 'ஷாமளா எழுந்து நின்றாள். “உண்மைய மறைக்கிறீங்க டீச்சர்!” அவள் குரலில்—'

வேண்டாம். அப்படி ஒரு ஷாமளா எனக்கு மிகவும் வசதியானவள். அவள் கத்தியிருந்தால் நான் தோற்றிருக்கலாம். தோற்பது நிம்மதியாகவும் இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். “பிரம்பைப் பத்தி எழுதேன். எந்த வகைப் பிரம்பு, எப்படி நெருப்பில வாட்டி வளைக்கிறாங்க, இதெல்லாம்” என்றேன். அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதுறேன்னு அய்யாவு தாத்தாகிட்ட சொல்லிட்டேன் டீச்சர்.”

“அவருக்குப் புரியும்.”

“சரிங்க டீச்சர்.”

பிரம்பைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினாள். நன்றாகவே எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி: அய்யாவு சொன்னது, கிராணியின் பெயர் இல்லாமல். அதற்கு எதிரேதான் அந்தச் சிவப்பு மை. இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அந்த இரண்டு மதிப்பெண்ணால் நான்காவதாக வந்தாள்.

சான்றிதழ் கொடுத்த அன்று அவள் அம்மா தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எங்க வீட்டுல யாரும் இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் வந்ததில்ல. ஒங்களாலதான் டீச்சர்.”

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. நான் புன்னகைத்தேன் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

8

முடிவு ஒன்று: நான் அருங்காட்சியகத்துக்குப் போய் அட்டையை மாற்றச் சொல்கிறேன். (இரண்டு முறை போனேன். கார் நிறுத்துமிடம் வரை.)

முடிவு இரண்டு: அய்யாவுவைச் சந்தித்து மன்னிப்புக் கேட்கிறேன், அவர் என் தலையில் கை வைத்து—

அவர் போன தீபாவளிக்கு முன்பே இறந்துவிட்டார். உயிரோடு இருந்திருந்தாலும், எங்கள் குடும்பத்துக்காக அவர் செய்ய வேண்டிய இன்னொரு வேலையாகத்தான் அது இருந்திருக்கும்.

முடிவு மூன்று, உண்மையில் நடந்தது: போன வாரம் முதல் ஏழு பகுதிகளையும், ஒரு பத்திரிகைக்காக எழுதியது என்று சொல்லி, ஷாமளாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இப்போது படிவம் ஆறில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில் இருக்கிறாள். படித்துவிட்டாள் என்பதற்கான இரண்டு நீலக் கோடுகள் வந்தன. ஒரு நாள் முழுக்க வேறெதுவும் வரவில்லை. மறுநாள் பள்ளி இடைவேளையில் எழுதியிருந்தாள்.

“படிச்சேன் டீச்சர். கிராணி ஒங்க தாத்தான்னு எனக்கு அப்பவே தெரியும். அன்பளிப்பு ஃபைல்ல ஒங்க கையெழுத்து இருந்துச்சு. நீங்களா சொல்வீங்கன்னுதான் குடும்பத்தக் கேக்கலாமான்னு கேட்டேன்.”

ஆசிரியர் அறையில், மற்றவர்கள் கறிபாப் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அதை மூன்று முறை வாசித்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போது இரண்டாவது செய்தி வந்தது.

“அய்யாவு தாத்தாவ நான்தான் தேடிக் கண்டுபிடிச்சேன். பேச வச்சதும் நான்தான். இது ஒங்க பேர்லதான் வருமா டீச்சர்?”

இன்னும் பதில் அனுப்பவில்லை. 'இருவர் பெயரும் போடலாம்' என்று தட்டினேன், அழித்தேன். 'உன் பெயர் மட்டும்' என்று தட்டினேன். என் அவமானத்தை அவள் பெயரில் அச்சிடுவதா என்று அதையும் அழித்தேன். 'அனுப்பவே மாட்டேன்' என்று தட்டியபோது, மறுபடியும் மறைக்கப் போகிறேன் என்பது புரிந்தது. நாளை மாலைக்குள் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் நான் ஏதோ முடிவெடுத்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பி, தலைப்பின் கீழே யார் பெயர் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.