மாலை போட்டுக்கொள்ளாதவர்

மேகலா ஸ்பூனை உதட்டோரம் சாய்த்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணை உறையில் இறங்கியது. துப்பட்டா நுனியால் துடைக்கக் குனிந்தாள்.

"வெளிய வாங்கம்மா. ஒண்ணும் பண்ண மாட்டோம்."

அவள் கை நின்றுவிட்டது. அப்பா தமிழில் பேசியிருந்தார்.

இலங்கைக்குப் போன பட்டாளத்தோடு போய்த் திரும்பிய நாளிலிருந்து கதிரவன் ஹிந்தியில்தான் பேசினார். அப்போது மேகலாவுக்கு நாலு வயது. அம்மா தமிழில் கேட்பாள், அவர் ஹிந்தியில் பதில் சொல்வார். மலை மந்திர் முருகன் கோயிலில் அர்ச்சகர் தமிழில் நட்சத்திரம் கேட்டாலும் ஹிந்திதான். வேலூரிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர்கள் "டெல்லிக்காரன் ஆயிட்டான்" என்று கொஞ்ச காலம் கேலி செய்தார்கள். பிறகு போனை நேரே அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டார்கள். அவர் திரும்பிய பிறகு பிறந்த ப்ரசன்னாவுக்கு, அப்பாவுக்குத் தமிழ் சரியாக வராது என்றே நினைப்பு.

"அக்கா, அப்பா தமிழ்ல பேசறார்!" ப்ரசன்னா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான். கையில் போன் இருந்தது. "இரு, இரு. ரெக்கார்ட் பண்றேன்."

"வேணாம்டா."

"அரே, அப்புறம் கெடைக்காது."

அப்பாவின் கண் திறந்திருந்தது. கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"வாங்கம்மா. பயப்படாதீங்க, நானும் தமிழ்தான். புள்ளய எறக்கி விடுங்க. எறக்கி விட்டுட்டு ரெண்டு கையும் தூக்குங்க."

ப்ரசன்னாவின் கண் கலங்கிவிட்டது. "நானும் தமிழ்தான்னு சொல்றார், கேட்டியா?" என்றான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கபூர் வீட்டு டிவி அலறிக்கொண்டிருந்தது. எல்லையில் ஏதோ நடந்ததிலிருந்து ஒரு வாரமாக இப்படித்தான். உள்ளே புகுந்து அடிக்க வேண்டும் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நேற்று ப்ரசன்னாவும், "ஒரே வாரம். உள்ள போயி முடிச்சிட்டு வந்துடலாம்" என்றான். அம்மா காப்பியை அவன் முன்னால் வைத்தபடி, "இவருக்கும் ஒரு வாரம்னுதான் சொன்னாங்க" என்றாள். அதை யாரும் பிடித்துக்கொண்டு மேலே கேட்கவில்லை.

"கையத் தூக்குங்கம்மா." அப்பாவின் குரல் உயர்ந்தது. மூச்சு இழுத்தது. "புள்ளய எறக்குங்க. சீக்கிரம். கையத் தூக்குங்க."

மேகலா அவர் நெஞ்சைத் தடவினாள். ஹிந்தியில் கூப்பிட்டாள், தமிழில் கூப்பிட்டாள். இரண்டும் அவரை எட்டவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார்.

அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். உஷாராணி அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள்; எந்த அறைக்குள்ளும் சத்தமில்லாமல் வரத் தெரியும். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். இடுப்பிலிருந்து எதையோ கீழே விடுவதுபோல லேசாகக் குனிந்தாள். நிமிர்ந்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் இறங்கின.

அப்பா அவளைப் பார்த்தார்.

"சரி. போங்கம்மா. புள்ளயத் தூக்கிட்டு உள்ள போயிடுங்க."

அம்மா கையை இறக்கவில்லை. அவர் கண்ணை மூடி, மூச்சு சீராகும்வரை அப்படியே நின்றாள். ப்ரசன்னா எப்போது போனைக் கீழே இறக்கினான் என்று மேகலா கவனிக்கவில்லை.

காலை ஒன்பது மணி வாக்கில் அந்த மூச்சும் நின்றது.

*

அப்பா மேகலாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். போன மாதம் ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னார்: "என் மேல் மாலை போட விடாதே." சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அந்தக் கேள்வி வழக்கமில்லை.

அவர் மாலை போட்டுக்கொள்ளாதவர் என்பது எல்லாருக்கும் தெரியும். பட்டாளத்திலிருந்து ரிடையர் ஆன அன்று கழுத்துக்கு வந்த மாலையைக் கையில் வாங்கி ஜீப்பின் பானெட்டில் வைத்தார் என்று அம்மா சொல்வாள். மேகலாவின் கல்யாணத்தில் சம்பந்தி மாலையோடு நெருங்கியபோது இரண்டடி பின்னால் போய்க் கும்பிட்டார். மாமியார் அதை இன்றும் சொல்லிக் காட்டுவாள்: "மாலைக்குக்கூட கழுத்து நீட்டாத மனுஷன்."

உயிரோடு இருந்தவர் பின்னால் நகர்ந்துகொண்டார். இப்போது ஹாலில் படுத்திருக்கிறவருக்காக வேறு யாராவது நகர வேண்டும்.

முதலில் கபூர் அங்கிள் வந்தார். காலனி சங்கத் தலைவர். கை நிறையச் சாமந்தி மாலை. மேகலா வாசலிலேயே எதிர்கொண்டு, அப்பா மாலை போட்டுக்கொள்ள மாட்டார் என்று ஹிந்தியில் சொல்லிக் கையை நீட்டினாள்.

"பேட்டா, ஜவானுக்கு மாலை இல்லாமலா?" கபூர் குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இந்த மாதிரி நேரத்தில். காலனிப் பையன்கள் கொடியோடு வருவார்கள். கேட் வரைக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோவோம். சண்டை பார்த்த மனுஷன்!"

"அவர் வேண்டாம்னு சொல்லியிருக்கார் அங்கிள்."

"நோயில் ஏதாவது சொல்லியிருப்பார்."

மேகலா நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் கபூர் மாலையை அதில் வைத்தார். அவள் கீழே இறங்கினாள். மாடிப்படிக்கு அடியில் அப்பாவின் பழைய பஜாஜ் ஸ்கூட்டர் நின்றது. மாலையை அதன் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டாள். அதன் பிறகு வந்த மாலைகளும் ஒவ்வொன்றாக அங்கேதான் போயின. ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் கொண்டுவந்த ரோஜா மாலை, அம்மாவின் பழைய ஆபீஸ் ஆட்கள் கொண்டுவந்த சம்பங்கி மாலை. சங்கத்துச் சங்கரநாராயணன் மட்டும், "என்னம்மா இது, பொணத்துக்கு இல்லாத மரியாதை ஸ்கூட்டருக்கா?" என்றார். சொன்ன பிறகு அவரே சங்கடப்பட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை அவள் மேலே ஏறி வந்தபோது ப்ரசன்னா வழியை மறித்தான்.

"என்ன பண்றே? எல்லாரும் பாக்கறாங்க. அப்பா என்ன அனாதையா? வெறும் வேட்டியப் போத்திப் படுக்க வெச்சிருக்கே."

"அவர் சொன்னாருடா."

"என்கிட்ட சொல்லல. நான்தான் கொள்ளி போடப் போறேன், என்கிட்ட சொல்லல." அவன் குரல் உடைந்தது. "கபூர் அங்கிள் ட்ரக்குக்குச் சொல்லிட்டார். கொடி கட்டி, பூவால அலங்காரம் பண்ணி. நான் ஓகே சொல்லிட்டேன். நம்ம அப்பா யுத்தத்துக்குப் போனவர்க்கா. அதச் சொல்லிக்கக்கூட விடமாட்டியா?"

அவன் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. காலையில் எடுத்ததைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தான். வேலூரிலிருந்து கும்பிட்ட கைகளும் அழுகை முகங்களும் வந்தபடி இருந்தன. கடைசி நேரத்தில் தாய்மொழி பேசிவிட்டுப் போயிருக்கிறார், கொடுத்துவைத்தவர் என்று ஒரு சித்தப்பா எழுதியிருந்தார்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க" என்றாள் அம்மா.

அடுக்களையில் அவள் வாய்க்கரிசிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரைக் கொட்டிவிட்டு இன்னொரு தடவை தண்ணீர் பிடித்தாள். அவர்களைப் பார்க்காமல் பேசினாள்.

"கப்பல்ல போய் எறங்கினப்ப அந்த ஊர் ஜனங்க மாலை போட்டாங்களாம். வேலியில பூத்த செம்பரத்தம்பூவுல கட்டின மாலை. எளநி வெட்டிக் கொடுத்தாங்களாம். எங்களக் காப்பாத்த வந்துட்டீங்கன்னு ஒரு கெழவர் இவரு கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லியாம். ஏன்னா இவருக்குத் தமிழ் தெரியுமே. கூட இருந்த யாருக்கும் தெரியாது."

அரிசியை விரலால் அளைந்தாள்.

"அப்புறம் எல்லாம் மாறிப் போச்சு. யாரக் காப்பாத்தப் போனாங்களோ அவங்க பக்கமே துப்பாக்கி திரும்பிடுச்சு. வீடு வீடாப் போயி ஆளுங்கள வெளிய கூப்பிடணும். யாரு கூப்பிடறது? இவருதான். ஹிந்தியில கத்தினா ஒருத்தரும் வர மாட்டாங்க. இவரு தமிழ்ல கூப்பிட்டா நம்பி வந்துடுவாங்க. அன்னிக்கும் வந்தாங்க. மாலை போட்ட அதே தெரு. ஒரு பொம்பள, இடுப்புல புள்ள. கைய ரெண்டும் தூக்க முடியல. இவருதான் சொன்னாரு, புள்ளய எறக்கி விட்டுட்டுத் தூக்குங்கன்னு."

ஹாலில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"எறக்கி விட்டா. பயந்து போயி புள்ள தெருவுல ஓடிடுச்சு. எங்கருந்தோ அதச் சுட்டுட்டாங்க. எந்தப் பக்கத்துலருந்துன்னு இவருக்குக் கடைசி வரைக்கும் தெரியல."

ப்ரசன்னா குளிர்சாதனப் பெட்டியின் மேல் சாய்ந்து நின்றான். போன் மறுபடி அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை.

"ப்ரசன்னா, நீ பொறந்த வருஷம் என்கிட்ட ஒரு தடவ சொன்னாரு. அதையும் ஹிந்தியிலதான் சொன்னாரு. எதுக்குங்க போனீங்க அங்கன்னு கேட்டேன். ஏத்தும்போது ஜனங்களக் காப்பாத்தன்னு சொன்னாங்களாம். கப்பல்ல ஒருத்தன், அதெல்லாம் இல்ல, வேற நாட்டுக்காரன் அங்க கால் வெச்சுடக் கூடாது, அதுக்குத்தான்னு சொன்னானாம். அந்தக் கெழவர் பின்னால ஒரு நாள் தெருவுல நின்னு, எதுக்குத் தம்பி வந்தீங்கன்னு கேட்டாராம். ரெண்டு காரணத்துல ஒண்ணுகூட வாய்ல வரலன்னாரு."

அரிசியை வடித்துக் கிண்ணத்தில் கொட்டினாள்.

"மாலை வேணாம்னா வேணாம். அவ்வளவுதான்."

*

மூன்று மணிக்கு நேகி வந்தார். அப்பாவோடு இலங்கைக்குப் போனவர், கட்வால் மலைக்காரர். வருஷத்துக்கு ஒரு தடவை டேராடூனிலிருந்து வந்து அப்பாவோடு பால்கனியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் டீ குடித்துவிட்டுப் போவார். சேதி கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

மேகலா வாசலில் கையை நீட்டினாள். நேகி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்றும் கொண்டுவரவில்லை.

"ஒரு பூகூட இல்லாமல் வந்திருக்கிறார், பட்டாளத்துக்காரர்" என்று கபூர் யாரிடமோ முணுமுணுத்தார்.

நேகி அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். வேட்டியின் ஓரம் கழுத்தருகே மடங்கிக் கிடந்தது. அதை நீவி நேராக்கினார். வெறும் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேகலாவைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்தார்.

இதையெல்லாம் ப்ரசன்னா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து கபூர் பக்கத்தில் போய்க் காதில் ஏதோ சொன்னான். கபூர் கையை விரித்தார். ப்ரசன்னா மறுபடியும் சொன்னான். கபூர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். ட்ரக் வரவில்லை. சாதாரண வெள்ளை வேன் வந்தது.

அரிசி போட்டு முடிந்து தூக்கும்போது முன்பக்கம் ப்ரசன்னாவும் நேகியும் பிடித்தார்கள். மூன்று மாடி இறங்கி வர வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நேகி, "மெதுவாக, மெதுவாக" என்றார். கீழே கொடியோடு காத்திருந்த பையன்கள் ஸ்கூட்டரைப் பார்த்தார்கள். சாமந்தியும் ரோஜாவும் சம்பங்கியுமாக அது சீட்டுவரை மூடியிருந்தது. அதைத் தாண்டி ஒன்றுமே இல்லாமல் வந்த உடலைப் பார்த்தார்கள். ஒருவன் கோஷம் போட வாயைத் திறந்து பக்கத்தில் இருந்தவன் முகத்தைப் பார்த்தான். மற்றவன் பேசாமல் கொடிக்கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

மேகலாவும் வேனில் ஏறினாள். அம்மா கீழே வரவில்லை. பால்கனியில் நின்றாள்.

லோதி ரோடு மயானத்தில் புரோகிதர் தட்டில் தயாராக ஒரு மாலை வைத்திருந்தார். பழக்கத்தில் எடுத்து ப்ரசன்னாவின் கையில் கொடுத்தார். மேகலா ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் ப்ரசன்னா மாலையைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டான்.

"மாலா நஹி" என்றான். பிறகு, புரோகிதருக்குப் புரியாது என்று தெரிந்தும், தமிழில் சொன்னான். "எங்க அப்பாக்கு வேணாம்."

*

அவர்கள் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. மயானத்துக் குழாயடியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருந்த ப்ரசன்னாவின் வேட்டி இன்னும் காயவில்லை. படிக்கட்டின் அடியில் அம்மா ஒரு வாளி தண்ணீர் வைத்திருந்தாள். இருவரும் கால் கழுவினார்கள். ஸ்கூட்டர் மேல் சம்பங்கி நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

ப்ரசன்னாவின் மகள் ஷ்ரேயா நாள் முழுவதும் தரைத்தளத்து வீட்டுக்காரர்களிடம் இருந்தாள். அவன் மனைவி பெங்களூரிலிருந்து ராத்திரி விமானத்தில்தான் வந்து சேர்வாள். கதவு திறந்த சத்தத்தில் குழந்தை அரைத்தூக்கத்தோடு வெளியே வந்து தன் அப்பாவை நோக்கிக் கைகளைத் தூக்கியது.

ப்ரசன்னா அப்படியே நின்றுவிட்டான்.

பிறகு குனிந்து வாரி எடுத்துக்கொண்டான். ஈரம் அவள் கவுனில் ஏறியது. அவள் அவன் தோளில் கன்னத்தை வைத்து மறுபடி தூங்கிப்போனாள்.

"நாலு வயசாச்சு, கனமா இருப்பா" என்றாள் மேகலா. "காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. எறக்கி விடு, நான் கையப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டு வரேன்."

அவன் தூக்கிக்கொண்டே ஏறத் தொடங்கினான். முதல் மாடியில் மூச்சு வாங்க நின்றான். இரண்டாவதில் சுவரில் சாய்ந்து நின்றான். மேகலா கையை நீட்டினாள். அவன் தலையை அசைத்தான். மேலே அம்மா கதவைத் திறந்து வைத்திருந்தாள். அங்கே போய்ச் சேரும்வரை அவன் குழந்தையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.