சரசா அழுத்தாத பொத்தான்

ரீலோட். மறுபடி ரீலோட். சரசா குத்திய குத்தில் லேப்டாப் பக்கத்திலிருந்த டீ டம்ளர் துள்ளியது.

மணி நாலு இருபது. போசரி தொழிற்சாலை கேன்டீனை இன்னும் மூன்று வருஷம் அவளே நடத்த வேண்டுமானால் ஐந்து மணிக்குள் விண்ணப்பம் இணையதளத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். படிவமோ முழுக்க மராத்தி.

சரசா மராத்தியில் சண்டை போடுவாள், பேரம் பேசுவாள். எழுத்து மட்டும் தெரியாது. அதற்காகவே அண்ணன் மகன் விச்சு ஒரு எக்ஸ்டென்ஷன், பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல், எழுதியிருந்தான். பிரவுசரில் அது இருந்தால் மராத்தி வார்த்தைகள் தமிழ் எழுத்தில் வந்து நிற்கும். உரக்கப் படித்தால் புரிந்துவிடும். ஏரவாடாவில் நாற்பது தமிழ் வீடுகளுக்குச் சரசாவே போய்ப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

இன்று அது அசையவில்லை. திரையில் ஒரு பட்டை: 'பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்தத் தளத்தில் இந்த எக்ஸ்டென்ஷன் இயங்க அனுமதியில்லை.'

"யாருக்குடா பாதுகாப்பு? என் கண்ணைக் கட்டிட்டு எனக்கே பாதுகாப்பா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கேன்டீன் உதவியாள் மேரி எட்டிப் பார்த்தாள். "அக்கா, பதில் ஏதும் சொல்லுதா?"

"உனக்கும் மராத்தி படிக்கத் தெரியாது. வெங்காயத்தைப் பாரு!"

பிரவுசரின் அமைப்புகளைக் குடைந்தாள். கிடைத்தது: 'பாதுகாக்கப்பட்ட தளங்களிலும் இயங்க அனுமதி.' விரல் அதன்மேல் போனபோது போன் அடித்தது. ஏழு தடவை கூப்பிட்டும் எடுக்காத விச்சு.

"அத்தே, மீட்டிங்ல இருந்தேன்..."

"உன் மீட்டிங்ல இடி விழ! பிரவுசர்காரன் உன் சாமானை நிறுத்திட்டான். அனுமதின்னு ஒண்ணு இருக்கு, அமுக்கப்போறேன்."

"நக்கோ அத்தே! தொடாதீங்க!"

"ஏண்டா?"

"அப்புறம் சொல்றேன். வீடியோ கால்ல வாங்க, திரையைக் காட்டுங்க. நான் படிக்கறேன்."

அவன் படித்தான். அவள் தட்டினாள். நாலு ஐம்பத்தேழுக்கு விண்ணப்ப எண் வந்தது. மேரி கரண்டியால் பாத்திரத்தில் தாளம் போட்டாள். சரசாவின் கோபம் மட்டும் இறங்கவில்லை.

"இப்போ சொல்லு. அவன் பண்ணது அநியாயம். நீ ஏன் அவன் பக்கம் பேசினே?"

விச்சுவின் முகம் போன் திரையிலிருந்து நழுவியது.

"விச்சு!"

"அந்த எக்ஸ்டென்ஷனை மொதல்ல எடுத்துடுங்க அத்தே. நீங்க தட்டற பாஸ்வேர்டு வரைக்கும் அதால படிக்க முடியும்."

"நீ எழுதினதுதானேடா? நீ படிச்சா என்ன?"

"இப்ப அது என்னோடது இல்ல. ஜனவரியிலயே வித்துட்டேன்."

"நாப்பது வீட்டுல நான் போட்டுக் குடுத்திருக்கேண்டா! யாருக்கு வித்தே?"

"மெயில்ல கேட்டாங்க, குடுத்துட்டேன். யாருன்னே தெரியாது அத்தே."