ஆளுக்கு இரண்டு பேட்டரி

என் புருஷன் மொக்லெஸுக்கும் அவர் அண்ணன் தொராப்புக்கும் மண்டை முழுக்க வீம்பு. இருவரும் சேர்ந்து இரும்புக் குழாயை வளைத்து, வெல்டிங் வைத்து, ஒரு பேட்டரி ரிக்‌ஷா செய்தார்கள். நாலு பேட்டரியும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. பாகம் பிரித்தபோது வண்டி மூத்தவருக்கு என்றானது. இவருக்கு ஒரு மிதி ரிக்‌ஷாவும் பழைய மோட்டாரும். பேட்டரியை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு என்று தூக்கிக்கொண்டார்கள்.

"செட்டைப் பிரிக்காதீங்க, ரெண்டு வண்டியும் ஓடாது" என்று நாராயண்கஞ்ச் வண்டி ஸ்டாண்டே சொன்னது. காதில் விழுந்தால்தானே?

குறைந்த இரண்டுக்குக் காயலான் கடையிலிருந்து ஆளுக்கு இரண்டு கிழட்டு பேட்டரிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஓடும்போது கிழடு முதலில் படுத்துவிடும். நல்லதில் சார்ஜ் மிச்சமிருந்தும் வண்டி நின்றுவிடும். சார்ஜ் போட்டாலோ, நல்லது நிரம்புவதற்குள் கிழடு கொதிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு தொராப் ஆற்றுப் பாலம் ஏறினார். பாதியில் வண்டி நின்று, பின்னால் உருண்டு, ஒரு வேனில் மோதியது. ஏறியவர்களே அவரைக் கீழே இழுத்துப் போட்டு உதைத்தார்கள். உடைந்த பல்லோடு, பாலத்தடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வெளிய வாடா. நாலுல சொத்தையை என் தலையில கட்டிட்டு நல்லதை நீ அமுக்கிட்டியா?"

"நீ பொறுக்கிட்டு வந்த குப்பைக்கு நானா பொறுப்பு? போண்ணே, போய் வாயைக் கழுவு."

அவ்வளவுதான். கழுத்தைப் பிடித்தவர்கள் கட்டிப் புரண்டு எங்கள் வண்டிக் கொட்டகைக்குள் போய் விழுந்தார்கள். என் புருஷன் அண்ணன் காதைக் கடித்தார். அங்கே காலையிலிருந்து எங்கள் பேட்டரிகள் சார்ஜில் கிடந்தன. கிழடு இரண்டும் கொதித்து, நெடி மூக்கை அரித்தது. தொராப் கையில் கம்பி சிக்கியது. தம்பியின் தலையைக் குறிவைத்து வீசினார். தம்பி குனிய, கம்பி கிழட்டு பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தது. பொறி பறந்து பேட்டரி வெடித்தது. ஆசிட் முழுக்க என் புருஷன் முகத்தில்.

அவர் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. முடியைப் பிடித்து அடிபம்புக்கு இழுத்துப்போய், முகத்தை அதன் வாய்க்கடியில் அழுத்திப் பம்பை அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். தொராப் கம்பியோடு நின்று விம்மினார். மத்தியான வெயிலில் எங்கள் தெருவில் வேறு வண்டி இல்லை.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கங்க மாமா. எங்க நல்ல பேட்டரி ரெண்டையும் கழட்டி உங்க வண்டியில மாட்டுங்க. இவர் கண்ணு போயிரும்."

சார்ஜ் வயரைப் பிடுங்கினார். ஆசிட் அவர் கைத்தோலை உரித்தது, அவர் நிறுத்தவில்லை. நாலும் பழையபடி ஒரே வண்டியில் சேர்ந்தன. ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் நான் குடத்துத் தண்ணீரை இவர் முகத்தில் ஊற்றினேன். பாலத்தை வண்டி ஒரே மூச்சில் ஏறியது.

"நிக்கலையே" என்றார் என் புருஷன், கண்ணை மூடியபடி. "எந்த பேட்டரிண்ணே?"

"நம்ம நாலும்தாண்டா."

வலது கண் தப்பியது. இடது கண் அவிந்துவிட்டது என்றார் டாக்டர். வெளியே வந்தேன்.

"என்னம்மா சொன்னாங்க?" என்றார் தொராப்.

முக்காடு இல்லாமல் நான் அவர் முன்னால் நின்றதே இல்லை. அன்று முக்காடு எங்கே விழுந்ததோ தெரியாது. கையை ஓங்கி அறைந்தேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

அவர் கையைத் தூக்கவில்லை. "இன்னொண்ணு குடும்மா" என்றார்.

கொடுத்தேன்.