மூச்சறியும் வண்டு

அறிவுலகம் சற்றே எழுந்து நிற்கட்டும். கொம்புக் காளான் வண்டின் மேல் மூச்சுக்காற்று பட்டால் அது நாற்றத்தைக் கிளப்பும் என்று தாமே முதலில் கண்டதாகச் சொல்லிக்கொள்ளும் பேராசிரியர், தம் வீட்டுக் கட்டிலில் கடைசி மூச்சுகளை விட்டுக்கொண்டிருந்தார்.

பட்ட மரத்தில் தட்டுத் தட்டாக முளைக்கும் காளான்தான் அந்த வண்டுக்கு வீடு, சாப்பாடு எல்லாம். தாய் முட்டையை அதன்மேல் ஒட்டி, தன் கழிவாலேயே பூசி மூடிவிடும். தாய்ப்பாசம் அத்தோடு சரி. புழு காளானைக் குடைந்து தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வரும். பிறகு ஆண் வண்டுகளுக்கு ஒரே வேலை: பெண்ணின் முதுகில் ஏறியிருக்கும் இன்னொரு ஆணைக் கொம்பால் நெம்பித் தள்ளுவது. பேராசிரியர் துறைத்தலைவர் நாற்காலிக்கு வந்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.

மனைவியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் போறப்ப என் கையை விட்டுடாதே." காலையிலிருந்து அவள் பிடித்த கையை விடவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை.

மதியம் அவரிடம் அசைவு நின்றது. பக்கத்தில் இருந்த மாணவர், தலை நரைத்தும் மாணவராகவே இருப்பவர், "பதறாதீங்கம்மா, அறிவியல் இருக்கு" என்று டப்பாவிலிருந்து ஒரு வண்டை எடுத்து ஆசானின் மூக்கடியில் வைத்தார். குனிந்து முகர்ந்தார். நாற்றமில்லை.

"சார் போயிட்டார்." தொண்டையைச் செருமினார். "ஒரு சகாப்தம்..."

"டாக்டரைக் கூப்பிடுங்க தம்பி."

"நானும் டாக்டர்தாம்மா."

"ஊசி போடுற டாக்டரை."

அப்போது சகாப்தம் இருமியது. வண்டு தெறித்துக் கட்டிலுக்கடியில் விழுந்தது. பேராசிரியர் பாதிக் கண் திறந்தார்.

"வண்டு... எங்க?"

"அது கெடக்கட்டுங்க. பேசாதீங்க."

"இவன் மிதிச்சுடுவான். நீ தேடு."

ஆயுள் முழுக்க அந்தக் குரலுக்கு எழுந்தே பழகியவள். கையை விட்டாள். தரையில் மண்டியிட்டு, பழைய செருப்புகளையும் மருந்துப் பெட்டியையும் ஒதுக்கினாள். சுவரோரம் கிடந்தது, மல்லாந்து, கால்களை மடக்கிக்கொண்டு. தொந்தரவு செய்தால் செத்ததுபோல் கிடக்கும் என்று கல்யாணமான புதிதில், வேறு பேச்சே இல்லாதவர்போல், மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறார். அதன்மேல் மெல்ல ஊதினாள். குப்பென்று அடித்தது.

"உயிரோடதாங்க இருக்கு" என்று நிமிர்ந்தாள்.

அவர் இல்லை.